பழைய திங்க்பேடில் ரேம் சேர்க்க வேண்டும்: சேதமில்லாமல் நானே செய்ய முடியுமா?

மின்மினி | திங்கள், இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். கணினியைப் பயன்படுத்தத் தெரியும், திறந்து பார்த்ததில்லை. மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்காகச் சென்ற ஆண்டு பழைய திங்க்பேட் டி480 லேப்டாப் ஒன்றை வாங்கினோம். ஐ5-8350யு பிராசசர், 8 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருப்பது), 256 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளை நிரந்தரமாகச் சேமிப்பது). இதுவரை குறை ஒன்றும் இல்லை. இந்தப் பருவத்தில் செயலி உருவாக்கும் பாடம் வந்திருக்கிறது. செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து, கணினிக்குள்ளேயே கைபேசிபோல இயங்கும் எமுலேட்டரையும் ஓட்டினால் கணினி அப்படியே நின்றுவிடுகிறது.

ஊரில் ஒரு கடையில் கேட்டேன். இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அவளுடைய திட்டப்பணி முழுவதும் அதற்குள் இருக்கிறது. விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. நானே செய்யலாம் என்று சில காணொளிகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பதினைந்து நொடியில் ரேமைச் சொருகிவிடுகிறார்கள். அந்தப் பதினைந்து நொடிக்கு முன்னால் என்ன செய்தார்கள் என்பதை ஒருவரும் காட்டவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

---

திருப்புளி | திங்கள், இரவு 10.05

வணக்கம் டீச்சர். மதுரையில் பதினெட்டு ஆண்டுகளாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். நீங்கள் தாராளமாகச் செய்யலாம். டி480 அதற்கு ஏற்ற கணினி. ரேமுக்கு இரண்டு ஸ்லாட் இருக்கிறது. 8 ஜிபி ஒரே துண்டாக இருந்தால் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கும்.

முதலில் ரேம்தான் பற்றவில்லையா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மகள் வழக்கம்போல வேலை செய்யட்டும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி 90 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் ரேம் பற்றவில்லை என்று பொருள். அந்தப் பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் என்பதும் இருக்கும். அதைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டரோடு ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. ஆகவே உங்கள் ஊகம் சரியாகத்தான் இருக்கும்.

என்னிடம் வருபவர்களில் பலர் ஹார்டு டிஸ்க் இன்னும் சுழலும் தட்டாகவே இருக்க, ரேம் போடச் சொல்லிக் கேட்பார்கள். அவர்களுக்கு முதலில் எஸ்எஸ்டி மாற்றித் தருவேன். பாதிப் பேருக்கு அதற்குப் பிறகு ரேமே தேவைப்படாது. உங்களுக்கு எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கிறது.

---

மின்மினி | செவ்வாய், காலை 6.40

நன்றி ஐயா. 94 விழுக்காடு காட்டுகிறது. ஸ்லாட் இரண்டில் ஒன்று நிரம்பியிருக்கிறது, வேகம் 2400. என்ன வாங்க வேண்டும்? கடைக்காரர் "19200 இருக்கிறது" என்றார். 2400 கேட்டால் 19200 ஏன் தருகிறார் என்று புரியாமல் வந்துவிட்டேன்.

---

கணியன் | செவ்வாய், காலை 8.15

கணக்கு டீச்சருக்குக் கணக்காகவே சொல்கிறேன். இரண்டும் ஒன்றுதான். நொடிக்கு 2400 மில்லியன் முறை தரவு போகிறது. ஒவ்வொரு முறையும் 8 பைட். 2400 × 8 = 19200. முதல் எண் வேகம், இரண்டாவது எண் நொடிக்கு எத்தனை மெகாபைட் என்பது. சில தயாரிப்பாளர்கள் லேபிளில் முதலாவதை அச்சிடுகிறார்கள், சிலர் இரண்டாவதை. 2666 என்றால் 21300. 3200 என்றால் 25600.

நீங்கள் கேட்க வேண்டியது: நான்காம் தலைமுறை ரேமான டிடிஆர்4, லேப்டாப்புக்கான சிறிய வடிவம், அதாவது எஸ்ஓ-டிம், 260 பின், 1.2 வோல்ட். 2400 கிடைக்காவிட்டால் 2666-ஓ 3200-ஓ வாங்கலாம். அது இறங்கி வந்து 2400-இல் ஓடும். தலைமுறையை மட்டும் மாற்றி வாங்கிவிடாதீர்கள். டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்5-க்கு 262 பின். நடுவில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். பொருந்தவில்லை என்றால் பொருந்தாததற்குக் காரணம் இருக்கிறது. பலம் கொடுத்து அழுத்தக்கூடாது.

8 ஜிபியே வாங்குங்கள். 8-உம் 8-உம் சேர்ந்தால், ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே தரவு போகும் இரண்டு தடங்களும் சமமாக ஓடும். உங்கள் கணினியில் தனி கிராஃபிக்ஸ் இல்லாவிட்டால் திரைக்கான வேலையும் ரேமிலிருந்துதான் போகிறது. இரண்டு தடம் கிடைப்பது அதற்கும் நல்லது. 16 ஜிபி துண்டு வாங்கினாலும் குற்றமில்லை. மொத்தம் 24 ஆகும். அதில் 16 இரட்டைத் தடத்திலும் மீதி 8 ஒற்றைத் தடத்திலும் ஓடும்.

2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிக்கொண்டே போகிறது. பணம் மிச்சம் பிடிக்கப் பழைய துண்டு வாங்குவதானால், ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று எழுதித் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். லேபிளை மாற்றி ஒட்டி விற்கும் துண்டுகளை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

---

வடகாடு | செவ்வாய், மதியம் 1.30

எல்லோரும் எதை வாங்குவது என்றே பேசுகிறீர்கள். டீச்சர் கேட்டது வேறு. என் கணினி எப்படிப் போனது என்று எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரேம் வந்து சேர்ந்த மகிழ்ச்சி. மூடியை மடக்கினேன், சார்ஜரைக் கழற்றினேன், திருப்பிப் போட்டு ஸ்குரூவைக் கழற்றினேன். பேட்டரி உள்ளே பதித்த வகை. மூடியை மடக்கியாயிற்று, திரை இருட்டு, சார்ஜர் இல்லை. கணினி அணைந்துவிட்டது என்று நம்பினேன். அது அணையவில்லை, உறங்கிக்கொண்டிருந்தது. ரேமைச் சற்றே கோணலாகச் சொருகினேன். ஒரு சின்னப் பொறி. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பிறகு வந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

மதர்போர்டு போயிற்று. 11,000 ரூபாய். அதைவிடப் பெரிய இழப்பு, அப்பாவின் கடைசி நாட்களில் எடுத்த படங்கள் அந்தப் போர்டிலேயே பதித்த சேமிப்பகத்தில் இருந்தன. அவை திரும்பவில்லை. ரேம் போடுவதற்கு முன் தரவை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். இதை நூறு முறை எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

---

கணியன் | செவ்வாய், மாலை 6.50

வடகாடு, படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஏன் அப்படி ஆனது என்பதை எல்லோருக்காகவும் விளக்குகிறேன்.

ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கிறது. அது ஓட்டைக் குடம். ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் நீர் நிற்கும். டிடிஆர்4-இல் ஒவ்வொரு வரிசையையும் பொதுவாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை மீண்டும் நிரப்பியாக வேண்டும். லேப்டாப் உறங்கும்போது திரை அணைகிறது, வட்டு நிற்கிறது. ரேமுக்கு மட்டும் மின்சாரம் நிற்பதே இல்லை. நின்றால் நீங்கள் திறந்து வைத்த கோப்புகள் எல்லாம் அழிந்துவிடும். அதாவது, கணினி முழுதாக அணைந்ததுபோல் தோன்றும் அந்த நேரத்தில், நீங்கள் கை வைக்கப்போகும் அதே ஸ்லாட்டில்தான் உயிர் ஓடுகிறது.

டிடிஆர்4 ஸ்லாட்டில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே 0.5 மில்லிமீட்டர். சொருகும்போது சாய்த்துத்தான் நுழைக்கிறோம். அந்த நேரத்தில் மின்சாரம் இருந்தால், சேரக்கூடாத இரண்டு பின்கள் ஒரு நொடி தொட்டுக்கொண்டால் போதும். டிடிஆர்5-இல் நிலைமை இன்னும் கடினம். அதில் மின்னழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் சில்லு ரேம் துண்டின் மேலேயே இருக்கிறது. ஸ்லாட்டுக்கு 5 வோல்ட் வருகிறது.

இன்னொன்று. விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தாலும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால் அது முழு அணைப்பு அல்ல. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுனை அழுத்துங்கள்; அப்போதுதான் முழுதாக அணையும்.

---

திருப்புளி | செவ்வாய், இரவு 9.30

டீச்சர், இப்போது டி480-க்கு மட்டும் சொல்கிறேன். இதில் இரண்டு பேட்டரி உண்டு. பின்புறம் தாழைத் தள்ளினால் கழன்று வருவது ஒன்று. உள்ளே மறைந்திருப்பது இன்னொன்று. வெளிப் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். என் கடைப் பையன்களே ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

உள் பேட்டரியை நிறுத்த வழி இருக்கிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, கணினியை மறுபடி தொடங்குங்கள். சின்னம் தோன்றும்போது எஃப்1 அழுத்தினால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னே வரும் அமைப்புப் பக்கம், திறக்கும். அதில் கான்ஃபிக், அதற்குள் பவர், அதன் கீழே 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி' என்று ஒரு வரி. அதைத் தேர்ந்தெடுத்து 'எஸ்' கொடுத்தால் கணினி தானே அணைந்துவிடும். பிறகு வெளிப் பேட்டரியைக் கழற்றுங்கள். ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பாருங்கள். ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டக்கூடாது. சிமிட்டினால் பேட்டரி நிற்கவில்லை, ஸ்குரூவைத் தொடாதீர்கள்.

பயாஸுக்குள் போவதற்கு முன், வட்டில் இருப்பதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கேட்காது. கேட்டுவிட்டு அது உங்களிடம் இல்லையென்றால் மகளின் திட்டப்பணி பூட்டிக்கொள்ளும்.

அடிமூடியின் ஸ்குரூக்கள் கழன்று விழாத வகை. தளர்த்தினால் மூடியிலேயே நிற்கும். மூடியைப் பிரிக்க இரும்பு வேண்டாம். காலாவதியான ஏடிஎம் அட்டை போதும். உள்ளே பேட்டரி உப்பியிருப்பதாகத் தெரிந்தால் அத்துடன் மூடிவிட்டு என்னிடமோ வேறு நல்ல மெக்கானிக்கிடமோ கொண்டுபோங்கள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது.

ரேமின் இரு ஓரங்களை மட்டும் பிடியுங்கள். வெட்டைப் பொருத்திப் பார்த்து, முப்பது டிகிரி அளவுக்குச் சாய்த்து உள்ளே தள்ளுங்கள். தங்க நிறப் பட்டை ஏறத்தாழ முழுதும் மறைய வேண்டும். மறைந்த பிறகுதான் கீழே அழுத்த வேண்டும். இரண்டு பக்கக் கொக்கிகளும் 'டிக்' என்று பூட்டும்.

---

பனைவடலி | புதன், காலை 7.10

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன் ரீச்சர். 2012 நடுப்பகுதியில் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவை இன்னும் வைத்திருக்கிறேன். அது ரேமை நாமே மாற்றக்கூடிய கடைசி மேக்புக் ப்ரோ வகை. அதன் அடியில் பத்து ஸ்குரூ. மூன்று நீளம், ஏழு குட்டை. முதல் தடவை எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, எது எங்கே என்று தெரியாமல் இரண்டு மணித்தியாலம் தவித்தேன். நீள ஸ்குரூவைக் குட்டைத் துளையில் முடுக்கினால் உள்ளே இருப்பதைத் துளைத்துவிடும். இப்போது ஒரு தாளில் கணினியின் அடிப்பாகத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொன்றையும் அதே இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டி வைக்கிறேன். உங்களுடையதில் ஸ்குரூ மூடியிலேயே நிற்கும் என்றாலும் இந்தப் பழக்கம் எல்லாக் கணினிக்கும் உதவும்.

அந்த மேக்கில் பயாஸ் வழியாகப் பற்றறியை நிறுத்த முடியாது. மூடியைத் திறந்தவுடன் பற்றறியின் இணைப்பை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் மேல்நோக்கி நெம்பி எடுத்துவிட்டுத்தான் வேறெதையும் தொடுவேன். வயரைப் பிடித்து இழுப்பதில்லை.

---

கடல்மணல் | புதன், காலை 11.45

நிலைமின்சாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்க்கிறேன். வெளிநாட்டுக் காணொளிகளில் கையில் பட்டை கட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். நான் தூத்துக்குடியில் இருக்கிறேன். இந்த ஈரக்காற்றில் அதெல்லாம் தேவையில்லை. பத்துக் கணினிகளுக்கு மேல் வெறுங்கையால் மாற்றியிருக்கிறேன்; ஒன்றும் ஆனதில்லை.

---

கணியன் | புதன், மதியம் 12.30

ஈரப்பதம் உதவும் என்பது உண்மை. ஆனால் குளிர்சாதன அறைக்குள் அந்த ஈரம் இருப்பதில்லை. நம் விரல் நுனியில் 'சுருக்' என்று உணர ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். சில்லு கெடுவதற்கு அதில் சிறு பங்கு போதும். ஆகவே "ஒன்றும் உணரவில்லை" என்பதை வைத்து ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. நிலைமின்சாரத்தால் அடிபட்ட ரேம் உடனே சாகாமல், மூன்று மாதம் கழித்து நீலத்திரை காட்டத் தொடங்குவதும் உண்டு. அப்போது யாரும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைப்பதில்லை.

பட்டை கட்டாயம் என்று நானும் சொல்லமாட்டேன். பட்டுப்புடவை, பாலியஸ்டர் உடை வேண்டாம், பருத்தி நல்லது. மெத்தையிலோ கம்பளத்திலோ உட்கார வேண்டாம்; மரமேசை போதும். ரேமைத் தொடுவதற்கு முன் வர்ணம் பூசாத உலோகம் எதையாவது தொடுங்கள். ஜன்னல் கம்பியில் வர்ணம் உரிந்த இடம், இரும்புக் குழாய். ரேமை அதன் உறையிலிருந்து கடைசி நொடியில் எடுங்கள்.

ஒரு தவறான அறிவுரையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "பிளக்கை மாட்டியே வைத்தால் எர்த் கிடைக்கும்" என்று சிலர் எழுதுகிறார்கள். அது மேசைக்கணினிக்காகச் சொல்லப்பட்டது. அங்கே மின்வழங்கியின் பின்புறம் தனி சுவிட்ச் உண்டு. லேப்டாப்பில் சார்ஜரை மாட்டினால் மின்சாரம் நேராக உள்ளே வரும். நம் பல வீடுகளில் மூன்றாவது துளைக்கு எர்த் இணைப்பே கிடையாது. ஆகவே எர்த்தும் கிடைக்காது, ஆபத்து மட்டும் மிஞ்சும்.

---

கடல்மணல் | புதன், மதியம் 1.05

சார்ஜர் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. நான் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். இனிமேல் செய்யமாட்டேன்.

---

மின்மினி | வியாழன், இரவு 8.00

8 ஜிபி டிடிஆர்4 துண்டு வாங்கிவிட்டேன். பழையது, ஆனால் பத்து நாளுக்குள் திருப்பலாம் என்று ரசீதில் எழுதி வாங்கியிருக்கிறேன். லேபிளில் 'பிசி4-2400டி' என்று இருக்கிறது. தங்கப் பட்டையில் லேசாகக் கறுப்புப் படிந்திருக்கிறது. கடைக்காரர் "பென்சில் ரப்பரால் தேய்த்துவிட்டுப் போடுங்கள்" என்றார். செய்யலாமா?

---

திருப்புளி | வியாழன், இரவு 8.40

நான் வெள்ளை ரப்பரால்தான் துடைப்பேன். ஒரே திசையில், மென்மையாக, நாலு இழுப்பு. பிறகு மென்மையான பிரஷ்ஷால் துகளைத் தட்டிவிடுவேன். இத்தனை ஆண்டுகளில் திரை வராமல் வந்த எத்தனையோ கணினிகளை இப்படி எழுப்பியிருக்கிறேன்.

---

கணியன் | வியாழன், இரவு 9.15

திருப்புளி அண்ணனின் கைத்தேர்ச்சியில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் டீச்சருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தங்கப் பூச்சு மைக்ரான் கணக்கில் மட்டுமே கனம் உள்ளது. ரப்பர் அதைத் தேய்க்கிறது. தேய்ப்பதே நிலைமின்சாரத்தையும் உண்டாக்கும். மிஞ்சும் துகள் ஒன்று ஸ்லாட்டுக்குள் விழுந்தால் எடுக்க முடியாது. 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு வராத துணியில் நனைத்துத் துடைத்து, முழுதாக உலரவிட்டுப் போடுங்கள். கைகழுவும் சானிடைசர் வேண்டாம். அதில் நீரும் பசையும் உண்டு.

---

திருப்புளி | வியாழன், இரவு 9.50

வீட்டில் முதல் முறை செய்பவருக்கு ஆல்கஹால்தான் சரி; ஒப்புக்கொள்கிறேன். என் கடையில் ரப்பர் இருக்கத்தான் செய்யும்.

டீச்சர், பழைய துண்டுக்கும் புதியதற்கும் வரிசை எண்ணோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் கணினியை எங்காவது கொடுக்க நேர்ந்தால், கொடுத்த ரேமே திரும்பி வந்ததா என்று பார்க்க அது உதவும். இதை ஒரு கடைக்காரனாகவே சொல்கிறேன்.

---

மின்மினி | சனி, காலை 11.20

இன்று செய்தேன். தரவு முழுவதையும் வெளி வட்டில் படியெடுத்தோம். பிட்லாக்கர் சாவியை எழுதி வைத்தோம். பயாஸில் உள் பேட்டரியை நிறுத்தி, வெளிப் பேட்டரியைக் கழற்றி, பொத்தானை அழுத்திப் பார்த்தோம், விளக்கு எரியவில்லை. மகள் கைபேசி வெளிச்சம் காட்ட, நான் சொருகினேன். 'டிக்' என்ற ஓசை கேட்டது. மூடியை மூடி, சார்ஜரை மாட்டித் தொடங்கினோம். கணினி நன்றாக வந்தது. ஆனால் இன்னும் 8 ஜிபிதான் காட்டுகிறது. ஸ்லாட் இரண்டில் ஒன்று என்றே இருக்கிறது.

ஒருவேளை சரியாக உட்காரவில்லை போலும். இப்போது ஷட் டவுன் செய்து, சார்ஜரையும் வெளிப் பேட்டரியையும் கழற்றிவிட்டேன். மூடியை மறுபடி திறக்கப் போகிறேன்.

---

வடகாடு | சனி, காலை 11.23

டீச்சர், நிறுத்துங்கள். திறக்காதீர்கள்.

சார்ஜரை மாட்டினீர்கள் அல்லவா? அந்தக் கணமே உள் பேட்டரி மறுபடி உயிர் பெற்றுவிட்டது. பயாஸில் நீங்கள் நிறுத்தி வைத்தது சார்ஜர் மாட்டும் வரைக்கும்தான். இப்போது நீங்கள் திறந்தால் நான் அன்று திறந்த அதே நிலையில்தான் திறப்பீர்கள். மறுபடி எஃப்1, மறுபடி கான்ஃபிக், பவர். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முதலிலிருந்து.

---

திருப்புளி | சனி, காலை 11.31

வடகாடு சொன்னதுதான் சரி. நானே அதை முன்னமே எழுதியிருக்க வேண்டும். டீச்சர், பார்த்துவிட்டீர்களா?

---

மின்மினி | சனி, காலை 11.34

பார்த்துவிட்டேன். இரண்டு ஸ்குரூ தளர்த்தியிருந்தேன். மூடியைத் தூக்கவில்லை. கை நடுங்குகிறது. தளர்த்தியதை முடுக்கிவிட்டு, பயாஸில் இருந்தே மறுபடி தொடங்குகிறேன். வடகாடு தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

---

திருப்புளி | சனி, காலை 11.40

ஐந்து நிமிடம் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள், அவசரமில்லை. திறந்ததும் அழுத்துவதற்கு முன் தங்கப் பட்டையைப் பாருங்கள். கொக்கி பூட்டியிருந்தும் பட்டை இரண்டு மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் துண்டு முழுதாக உள்ளே போகவில்லை. இரண்டு கொக்கிகளையும் ஒரே நேரத்தில் வெளிப்புறமாக விலக்குங்கள். துண்டு தானே எழும்பும். சாய்ந்த நிலையிலேயே இரண்டு கட்டைவிரலாலும் சமமாக உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்துங்கள். முதல் முறை செய்பவர்கள் எல்லோரும் கணினிக்கு வலிக்குமோ என்று மெல்லத் தள்ளுவார்கள். உள்ளே தள்ளுவதற்குச் சற்றுப் பலம் வேண்டும். கீழே அழுத்துவதற்கு வேண்டாம்.

அப்போதும் வரவில்லை என்றால், பழைய துண்டை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் அதே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். அதில் இயங்கினால் துண்டு நல்லது, மற்ற ஸ்லாட்டில் சிக்கல். இயங்காவிட்டால் துண்டைத் திருப்பிக் கொடுங்கள். ரேம் மாறிய முதல் தொடக்கத்தில் திரை சிறிது நேரம் கறுப்பாகவே நிற்கலாம். ஒரு நிமிடமாவது பொறுங்கள். டிடிஆர்5 கணினிகளில் அதைவிட நேரமாகும். அந்த நேரத்தில் பயந்து அணைத்துவிடக் கூடாது.

---

மின்மினி | சனி, மதியம் 12.50

ஐயா சொன்னதேதான். ஒரு பக்கம் பட்டை வெளியே தெரிந்தது. ஒரு கொக்கி மட்டும் பூட்டி, அந்த ஓசையை நான் இரண்டு என்று நினைத்திருக்கிறேன். இம்முறை மகள் சொருகினாள். நான் வெளிச்சம் காட்டினேன். 16 ஜிபி. ஸ்லாட் இரண்டில் இரண்டு.

---

கணியன் | சனி, மதியம் 1.10

மகிழ்ச்சி. இன்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பழைய துண்டு வாங்கியிருக்கிறீர்கள். கணினி தொடங்கிவிட்டது என்பதால் அது முழுதும் நல்லது என்று ஆகாது. எங்கோ ஒரு மூலையில் ஒரு பிட் கெட்டிருந்தால், மகளின் கோப்பு ஒன்று சத்தமில்லாமல் பழுதாகும். விண்டோஸில் இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை முதலில் ஓட்டுங்கள். பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் பிழை எண்ணிக்கை பூச்சியமாக இருக்க வேண்டும். ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. அதுவரை திட்டப்பணியின் படியை வெளி வட்டில் இருந்து அழிக்காதீர்கள்.

---

நீலாங்கரை | சனி, மாலை 4.25

இந்த இழையைப் படித்துவிட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. என்னிடம் இருப்பது மெல்லிய வகை லேப்டாப். டாஸ்க் மேனேஜரில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருக்கிறது, 8 ஜிபி. எனக்கும் முடியுமா?

---

கணியன் | சனி, மாலை 5.00

'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. சில கணினிகளில் அதோடு ஒரு காலி ஸ்லாட்டும் கொடுத்திருப்பார்கள்; உங்கள் மாதிரி எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் தேடுங்கள். விவரத்தில் எல்பிடிடிஆர் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேம் வகை) என்று இருந்தால் பெரும்பாலும் வழியே இல்லை. 2020 இறுதியிலிருந்து வந்த எம் வரிசை மேக்புக்குகளில் ரேம் பிராசசரோடு ஒரே பொதிவில் வருகிறது, அங்கேயும் இல்லை. எல்பிடிடிஆரையும் கழற்றி மாற்றும்படி எல்பிகேம்2 என்ற புது வடிவம் வந்திருக்கிறது. 2024-இல் திங்க்பேட் பி1-இன் ஏழாம் தலைமுறையில் அதைப் பார்த்தோம். அது பரவினால் நல்லது. வாங்கும் நாளிலேயே 16 ஜிபி வாங்கச் சொல்லி நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

---

மின்மினி | ஞாயிறு, காலை 7.15

இரவு முழுக்க ஓடியது. பிழை பூச்சியம். காலையில் எமுலேட்டரைத் திறந்தாள். மெமரி 71 விழுக்காட்டில் நிற்கிறது.

வடகாடு தம்பிக்கு: மகளிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். பயாஸில் பேட்டரியை நிறுத்தும் வரியை ஒரு சிறு தாளில் எழுதி, "சார்ஜர் மாட்டினால் மறுபடி முதலிலிருந்து" என்றும் சேர்த்து, கணினியின் அடியில் ஒட்டிவிட்டாள்.

---

வடகாடு | ஞாயிறு, காலை 9.40

அந்தத் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள் டீச்சர். நானும் ஒன்று ஒட்டிக்கொள்கிறேன்.